ஈம் என்னும் ஊர்

எழுத்துக் கூட்டிப் படித்தால் அவ்வூரின் பெயர் ‘எயம்’ என்று வரும். அவ்வூர் மக்களோ ‘ஈம்’ என்கிறார்கள். கேட்டவுடன் எனக்கு ஈமக்கடன் என்ற நம் சொல் நினைவுக்கு வந்தது. அவ்வூரின் வரலாற்றை அறிந்தபின் அந்த ஒலியொற்றுமை நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஷெஃபீல்டில் பயிலும் என் மகளைக் காணச் சென்றிருந்தபோது, ஒருநாள் பேருந்தேறி அங்குச் சென்றேன். டெர்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள சிற்றூர். கல் வீடுகள், நடுவே புனித லாரன்ஸ் ஆலயம், ஆலய முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்சிலுவை ஒன்று. சில வீடுகளின் முன் பெயர்ப்பலகைகள் இருந்தன. நின்று படித்தேன். அவ்வீடுகளில் கொள்ளைநோயால் மாண்டவர்களின் பெயர்கள் அவை!

1665-இல் இலண்டனைக் கொள்ளைநோய் வாட்டியது. அங்கிருந்து இவ்வூர்த் தையற்காரர் வீட்டிற்கு வந்த துணிமூட்டையோடு நோயும் வந்தது என்பர். மூட்டையைப் பிரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர் செப்டம்பர் 7-ஆம் நாள் இறந்தார். வசதி படைத்த சிலர் ஊரைவிட்டு வெளியேறினர். மறு ஆண்டு ஜூன் மாதம் பாதிரியார் வில்லியம் மாம்பெசன், தமக்கு முன் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியின் துணையை நாடினார். சமயக் கொள்கையில் மாறுபட்ட இருவரும் ஒன்றுபட்டு ஊராரை இணங்கச் செய்தனர். எவரும் எல்லை தாண்டுவதில்லை. வழிபாடு ஆலயத்திற்குள் இன்றித் திறந்தவெளிப் பள்ளத்தாக்கில். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைப்பது. எல்லைக்கல்லின் குழிகளில் புளிக்காடி ஊற்றி அதில் காசு வைத்தனர். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சென்றனர். டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார்.

மாம்பெசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அவர் மனைவி கேத்தரின் உடனிருந்து 1666 ஆகஸ்டில் உயிர்நீத்தார். நோய் ஓய்ந்த நவம்பருக்குள் சுமார் 260 பேர் மறைந்தனர்.

ஊருக்குச் சற்று வெளியே, கற்சுவர் சூழ்ந்த சிறு புல்வெளியில் ஒரே குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. வரக்கூடாது என்பதுதானே ஏற்பாடு!

அங்கே என்னால் நிற்க முடியவில்லை, புல்லில் அமர்ந்துவிட்டேன். 2021 மே மாதம் என் அன்னை கொரோனாவால் மறைந்தார். முகத்தை ஒருமுறை பார்க்கவும் இயலவில்லை. பெயர் அறியாத நான்கு இளைஞர்கள் உடலைச் சுமந்தனர். நான் தொலைவில் நின்றேன். மகன் செய்யவேண்டியதைச் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வு அன்றிலிருந்து என்னை அரித்து வந்தது.

எலிசபெத் தன் கையால் புதைத்தாள். நான் கைகட்டி நின்றேன். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரனின் உயிருக்காகத்தான் என்று அந்தப் புல்வெளியில் எனக்குப் பட்டது. விலகி நின்றதும் நான் என் அன்னைக்குச் செய்த ஈமக்கடனே. அழுகை வந்தது; பாரமும் சற்றுக் குறைந்தது.

ஆண்டுதோறும் ஆகஸ்டின் கடைசி ஞாயிறன்று ஈம் மக்கள் அந்தப் பள்ளத்தாக்கிற்கு ஊர்வலமாகச் சென்று வழிபடுகின்றனர். ஈரக்களிமண் பலகைகளில் மலரிதழ்களைப் பதித்துச் சித்திரம் அமைத்துக் கிணறுகளை அலங்கரிக்கின்றனர். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தையற்கார உதவியாளரின் பெயர்கூட மறக்கப்படவில்லை.

மாணவச் செல்வங்களே! நம் தெருக்களில் 2020-இலும் 2021-இலும் மறைந்தவர்கள் யார் யார்? விடுமுறையில் ஊர் செல்லும்போது வீடுவீடாகக் கேட்டு, பெயரையும் நாளையும் ஓர் ஏட்டில் எழுதி வாருங்கள். சுமந்து சென்ற இளைஞர்களின் பெயர்களையும் விடாது எழுதுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அந்த ஏட்டிற்கு ஓர் இடம் இருக்கட்டும். அதன் முதல் வரியில் என் அன்னையின் பெயரை நான் எழுதிவிட்டேன்.