"தண்ணி ஒத்துக்கலையே, சார்!"

ஜொகூரில் வாழும் நமக்குக் குளிக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் கோத்தா திங்கி. அதற்கு அப்பால் முந்தாஹாக் மலையடிவாரத்தில் லொம்போங் நீர்வீழ்ச்சி. அதே மாவட்டத்தின் கிழக்கோரத்தில் தேசாரு. எதிரே தென்சீனக் கடல். நகரங்களிலோ நீல ஓடு பதித்த நீச்சல் குளங்கள். இம்மூன்றுக்கும் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோருடன் வெவ்வேறு விடுமுறைகளில் அழைத்துச் சென்றிருக்கிறோம். மூன்று இடத்திலும் சில பிள்ளைகளுக்கு உடம்பு அரித்தது. ஆனால் மூன்று அரிப்பும் ஒன்றல்ல.

லொம்போங்கில் தண்ணீர் சில்லென்றிருக்கும். இறங்கிய சிறிது நேரத்தில் ஒரு பையனின் கைகால்களில் கொசு கடித்தாற்போல் தடிப்புகள் எழும்பின. கரையேறித் துவட்டிக்கொண்டபின் மெல்ல அடங்கிவிட்டன. அருவியில் மருந்து கலப்பவர் யாருமில்லை. சிலருடைய தோலுக்குக் குளிர்ச்சியே ஆவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை குளிர்ந்த நீரில் சட்டென்று குதித்தால் மயக்கமும் வரலாம். டாக்டரிடம் காட்டாமல் மீண்டும் இறக்கக் கூடாது.

தேசாருவில் உப்பும் மணலும் உடையின் ஓரங்களில் உராய்ந்து அரித்தன. நல்ல தண்ணீரில் குளித்ததும் சரியாயிற்று. கடலில் சாட்டையால் அடித்தாற்போல் கோடு கோடாகச் சிவந்து எரிந்தால் அது ஜெல்லி மீனின் வேலை. தேய்க்காமல் உடனே கரையேறி உதவி கேட்க வேண்டும்.

மூன்றாவது, நகரத்து நீச்சல் குளம். அன்று விடுமுறைக் கூட்டம். வாசலிலேயே மருந்து நெடி மூக்கில் ஏறிற்று. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளின் கண்கள் சிவந்தன. தும்மல், தோலில் நமைச்சல்.

"எம்புள்ளைக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கலையே, சார்! இனிமே குளமும் வேணாம், நீச்சலும் வேணாம்" என்றார் ஒரு தாயார்.

அவர் அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும் ஜொகூர்ப் பெற்றோருக்கு மறக்குமா? ஆனால் குளத்தில் குளோரினைக் கலப்பது கிருமிகளைக் கொல்வதற்காக. அளவோடு கலந்தால் அது காவல்.

அப்படியானால் கண் ஏன் எரிகிறது? பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் கட்டிப் போகாமலிருக்க ஸ்டோரில் அமோனியா ஊற்றுவார்கள். அதன் நெடியில் கண்ணீர் வரும். நம் வியர்வையிலும் சிறுநீரிலும் அமோனியா இனத்துப் பொருள்கள் உள்ளன. அவை குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. மூக்கைத் துளைக்கும் நெடியும் கண்ணெரிச்சலும் பெரும்பாலும் அதனால்தான். ஆகவே நெடி பலமாக வீசும் குளம் 'மிகவும் சுத்தமான குளம்' அன்று. பலருடைய அழுக்கு கலந்த குளம்! இதைப் பலரும் 'அலர்ஜி' என்கிறார்கள். பெரும்பாலும் அது தோலுக்கும் கண்ணுக்கும் ஏற்படும் எரிச்சலே.

இதற்கு வழி நம் கையிலேயே உண்டு. தலை நிறைய எண்ணெயும் முகம் நிறையப் பவுடருமாகப் பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். முதலில் கழிவறை, பிறகு சவர்க்காரம் போட்டு ஒரு குளியல். நீச்சல் கண்ணாடி அணிந்தால் கண் தப்பும். கண்ணைச் சுற்றி வளையமாக மட்டும் சிவந்தால் கண்ணாடியின் ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ரப்பர் கலவாத சிலிக்கோன் கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் மறுபடி குளிப்பாட்டி, ஈர உடையை மாற்றி, துண்டால் ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ அதுவே நேரம்.

கரப்பான் உள்ள பிள்ளைக்கு எரிச்சல் அதிகமாகும். ஆஸ்துமா உள்ள பிள்ளை, டாக்டர் கொடுத்த மருந்துக் குழலைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்; காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளம் அதற்கு ஆகாது. தடிப்புகள் சீழ் வைத்தாலோ நாலைந்து நாளாகியும் ஆறாவிட்டாலோ கிளினிக்குக்குப் போங்கள். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதம் கூடாது, 999 அழையுங்கள்.

அந்தத் தாயாரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். நம் தோட்டங்களைச் சுற்றி ஆறுகளும் குட்டைகளும் உள்ளன. 'போகாதே' என்று நாம் சொன்னாலும் பிள்ளைகள் ஒரு நாள் போவார்கள். நீந்தத் தெரியாமல் போகும் பிள்ளைக்கு, கண் சிவப்பதா பெரிய ஆபத்து?

அடுத்த விடுமுறையில் அவர் மகள் மறுபடி வந்தாள். பையில் சவர்க்காரம், துண்டு, நீச்சல் கண்ணாடி. அன்றுதான் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டாள்.