கடற்காற்றில் ஒரு நிலைக்கண்ணாடி

காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியை அது அரிப்பது எல்லோருக்கும் தெரியும்; சுவரில் மாட்டிய கண்ணாடியையும் விடுவதில்லை. ராயபுரத்தில் கண்ணாடி வெட்டும் கடையொன்றில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். மாற்றித் தரச்சொல்லி வந்த பழைய கண்ணாடிகளில் நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. ஓரம்தான் கருத்திருந்தது.

"ரசம் ஓரத்துலேர்ந்துதான் சார் போவும்" என்றார் அங்கே வெட்டுகிற பெரியவர். கண்ணாடியை முகம் மேலே பார்க்கப் போட்டு, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பு. ‘சர்ர்’ என்ற ஓசை நடுவில் அறுபடக் கூடாது. பிறகு கோட்டை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து ஓர் அழுத்து, இரண்டாகிவிட்டது. கையுறை இல்லை. உள்ளங்கை முழுக்கப் பழைய கீறல்கள்.

அந்த வெட்டில்தான் சிக்கல். கண்ணாடியின் முதுகில் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதைக் காக்க மேலே பெயின்ட். முன்பெல்லாம் வெள்ளீயமும் பாதரசமும் பூசினார்கள். 1835இல் வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த முறைக்குப் பிறகு வெள்ளி வந்தது. முதுகைப் பெயின்ட் காக்கும். வெட்டிய ஓரத்தைக் காக்க எதுவும் இல்லை. உப்பு ஈரம் அங்கே நுழைகிறது.

தளம் சரியா என்று அவர் பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கூரையின் டியூப்லைட் கண்ணாடியில் தெரியும்படி நின்று தலையை மெல்ல அசைத்தார். "கோடு நெளிஞ்சா வாங்காத." கண்ணாடி எங்கேனும் வளைந்திருந்தால், அந்த இடத்தில் ஒளி படும் கோணம் மாறும், மீளும் கோணமும் கூடவே மாறிவிடும். முகம் கோணலாகத் தெரிய அது போதும். அடுத்து நகத்தை வைக்கச் சொன்னார். நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி! வெள்ளி பின்னால் இருப்பதால் 4 மி.மீ. கண்ணாடியில் அது ஏறக்குறைய 5 மி.மீ. தெரியும். கனம் குறைந்த கண்ணாடியைக் கொடுத்தால் நகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுயரக் கண்ணாடி கேட்டு ஒரு பெண் வந்தார். "உனுக்கு மூணடி போதும்மா" என்று பெரியவர் அளவைக் குறைத்தார். நியாயம்தான். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் நிற்பதால், தலைமுதல் கால்வரை பார்க்க உயரத்தில் பாதி போதும். எவ்வளவு பின்னே போனாலும் கணக்கு மாறாது. ஆனால் மாட்டும் இடம் முக்கியம்: கீழ்விளிம்பு தரைக்கும் கண்ணுக்கும் சரிபாதியில் இருக்க வேண்டும். அதையும் சொல்லித்தான் அனுப்பினார். வியாபாரம் குறையுமே என்று அவர் யோசிக்கவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஓரத்தை உரசி மழுக்கி வார்னிஷ் தடவித் தர அவர் தயார். ஆனால் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கூலிதான். எண்ணூர்வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கூலியைக் குறைக்காதீர்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கானால் ஒட்ட வேண்டாம், அந்த அமிலமே பூச்சை அரிக்கும். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். கடைக்காரர்களே, வெட்டுகிறவருக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள்.