மணற்காட்டில் ஓர் இரவு

இலங்கையில் பாலைவனம் இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் புவியியல் ஆசிரியை இல்லை என்பார். கத்தாரில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்த என் மாமா இருக்கிறது என்பார். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் கடந்த வருட ஏப்ரல் விடுமுறையில், புத்தாண்டன்று இரவு, இரத்மலானையிலிருந்து ஒரு வானில் ஏழு பேர் புறப்பட்டோம். போன இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்குக் கரையிலுள்ள மணற்காடு.

வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலமே பாலைவனம் என்று படிக்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு அதைப்போல் பல மடங்கு மழை கிடைக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டுவதுதான் அதில் பெரும்பகுதி. அதே காற்றுத்தான் கடற்கரை மணலை உள்ளே தள்ளித் தள்ளி மேடுகளாகக் குவித்தும் வைத்திருக்கிறது. ஆகவே கணக்குப்படி ஆசிரியை சொல்வதே சரி. ஆனால் வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டி, சவுக்குக் காடு முடிந்து, வெள்ளை மணல் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய இடத்தில், மணலுக்குள் பாதி புதைந்து நின்ற பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்தபோது, மாமா சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை.

இந்தப் பயணத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம் தந்தவர் உம்மும்மாதான். அவர் பிறந்து வளர்ந்தது, கல்யாணம் முடித்தது, உம்மாவையும் மாமாவையும் பெற்றது எல்லாம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வட மாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் என் குடும்பமும் ஒன்று. உம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவுக்கு இரண்டு, உம்மும்மாவின் இடுப்பில் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு உம்மும்மா ஒரேயொரு தடவை போய் வீட்டைப் பார்த்தார். கூரை இல்லை, அறைக்குள் மரம் முளைத்திருந்தது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் போனதில்லை. யாராவது ஊர் எது என்று கேட்டால் "இரத்மலானை" என்று சொல்லி நிறுத்திவிடுவார்.

அவர் இந்தமுறை வந்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. மணற்காட்டுக்குப் போவதற்கு யாழ்ப்பாண நகரத்துக்குள் போகத் தேவையில்லை. ஏ9 பாதையில் ஆனையிறவைத் தாண்டி, கொடிகாமத்தில் பருத்தித்துறைப் பக்கம் திரும்பினால் போதும். "நான் யாழ்ப்பாணத்துக்கு வரல்ல, கடற்கரைக்குத்தான் வாறேன்" என்று சொல்லித்தான் வானில் ஏறினார். வழியில் புத்தளத்தில் உம்மாவின் சாச்சி வீட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்து, சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் 1990க்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

நாங்கள் மணற்காட்டை அடைந்தபோது நண்பகல். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் சூரியன் தென்கரைக்கு நேர் உச்சியில் நின்று, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்து, 15ஆம் திகதியளவில் யாழ்ப்பாணத்தைத் தாண்டும். நாங்கள் போனது அந்த 15ஆம் திகதி. 12 மணி 10 நிமிடமளவில் நானா மணலில் ஒரு தடியை நட்டார். நிழலே விழவில்லை. எங்கள் நிழல்களும் காலடிக்குள் சுருண்டு கிடந்தன. வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அடி வைத்தார்; மூன்றாவது அடி செருப்புக்குள் இருந்தது.

மாமா கத்தார் அனுபவத்தை அவிழ்த்துவிட்டார். அங்கே குளிர்காலத்தில் மட்டும்தான் பாலைவனத்தில் கூடாரம் போடுவார்களாம். தளர்ந்த மணலில் முளைக்கம்பி நிற்காது என்பதால் பைக்குள் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைக்க வேண்டும். அதற்கென்று எட்டு உரப்பைகள் கொண்டுவந்திருந்தார். வறண்ட ஆற்றுப் படுகையில் மட்டும் கூடாரம் போடவே கூடாது, எங்கோ பெய்த மழை சொல்லாமல் வந்துவிடும் என்றார். பாலைவனத்தில் ஏது அவ்வளவு மழை என்று மாமி சிரித்தார். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் இடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 254 மில்லிமீற்றர் மழை பெய்து, டுபாய் விமான நிலையத்தின் ஓடுபாதையே நீருக்குள் மூழ்கியதை நானா தொலைபேசியில் எடுத்துக் காட்டினார். எங்கள் பாடப்புத்தகம் பாலைவனத்துக்கு ஒரு வருடத்துக்கென்று தரும் அளவு அங்கே ஒரே நாளில் கொட்டியிருக்கிறது.

அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்த ஒரு மேட்டின் மறைவில் இரண்டு கூடாரங்கள் எழுந்தன. தமிழ் பாடம் படிக்கும் எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஐந்திணைகளில் பாலைக்கு மட்டும் சொந்தமாக நிலம் கிடையாது. மற்ற நிலம் வறண்டு திரிந்தால் அதுவே பாலை. அதன் உரிப்பொருளோ பிரிவு. நாங்கள் நெய்தலில் நின்றுகொண்டு பாலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நானாவிடம் சொன்னேன். "பரீட்சையில எழுது" என்றார். அவர் கணிதப் பிரிவு.

மாலை அழகாக இருந்தது. கரையில் வலை இழுத்தவர்களிடம் பாரை மீன் வாங்கி, மாமா சுட்டுத் தந்தார். அந்த மீனவர்களில் ஒருவர் மேற்குப் பக்கம் பார்த்துவிட்டு, "மேற்கால கறுக்குது, இரவைக்கு இடி முழங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானாவின் தொலைபேசி மழைக்கு இருபது வீதம்தான் வாய்ப்பு என்றது. ஏப்ரலில் இப்படித்தான். பருவக்காற்று எதுவும் இல்லாத இடைக்காலம். பகல் முழுக்க நிலம் கொதித்து, அந்தச் சூட்டில் மேகம் எழுந்து, பின்னேரத்திலோ இரவிலோ உடைந்து கொட்டும். எந்த ஊரில் உடையும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதோம். ஸுஜூதில் நெற்றி வைத்த மணல் அப்போதும் இளஞ்சூடாகத்தான் இருந்தது.

ஒன்பதரை மணியளவில் கடற்காற்று நின்றுபோனது. அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி, குளிர்ந்த காற்று ஒன்று வந்தது. மணல் எழும்பி முகத்தில் ஊசியாகக் குத்தியது. முதல் மின்னலுக்கும் இடிக்கும் இடையில் நான் எண்ணினேன்: பதினைந்து செக்கன். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க மூன்று செக்கன் எடுக்கும் என்றால் ஐந்து கிலோமீற்றர் தூரம். அடுத்ததற்கு ஒன்பது. அதற்கடுத்ததற்கு ஆறு. சுற்றிலும் வெறும் மணல். அதில் உயரமாக நின்றவை எங்கள் கூடாரக் கம்பிகளும் நாங்களும்தான். சவுக்கு மரங்களுக்கு அடியில் ஒதுங்குவது அதைவிட ஆபத்து. வான் மணலில் புதையும் என்று அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் தார் வீதியில் நிறுத்தப்பட்டிருந்தது. உம்மும்மாவுக்கு முழங்கால் வருத்தம். மணலில் பத்து அடிக்கு ஒரு தரம் நின்றுதான் நடப்பார்.

மழை விழுந்தபோது துளித்துளியாக விழவில்லை. மாமாவின் உரப்பைகளைப் பாராட்டத்தான் வேண்டும், ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் கூடாரத் துணி கிழிந்து பறந்தது. உம்மா எங்கள் எல்லோருடைய பெயரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இருட்டில் ஒரு டோர்ச் வெளிச்சம் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. உரப்பையைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண்.

"இடி இறங்குது பிள்ளையள், டென்ட்டுக்க இருக்காதேங்கோ. கல்வீடு கிட்டத்தான் இருக்கு, வாங்கோ."

யார், எவர் என்று கேட்கவில்லை. நேரே உம்மும்மாவிடம் போய், "என்ர தோளைப் பிடியுங்கோ அக்கா" என்றார்.

அது சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு. 2004இல் கடல் வந்தபோது இந்தக் கரையில் அவர்களுடைய பழைய வீடும் போய்விட்டது. விறாந்தையில் வலைகளை ஒதுக்கி எங்களுக்குப் பாய் விரித்தார்கள். மாற்றுவதற்கு அவருடைய மகளின் உடுப்புகளைத் தந்தார்கள். அந்தோனியார் படத்துக்கு முன்னால் சிறு விளக்கு எரிந்தது. பிளேன்டீயும் வந்தது. மின்னல் விழும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் ஆளையாள் எண்ணிப் பார்த்துக்கொண்டோம், ஏழு பேரும் இருக்கிறோமா என்று.

"எங்கயிருந்து வாறியள் அக்கா?" என்று அந்த அன்ரி கேட்டார்.

உம்மா வாயெடுக்கும் முன்னர் உம்மும்மா பதில் சொன்னார்: "சோனகத் தெரு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்ரிக்கு அது சாதாரண பதில். அவருடைய ஐயா ஒவ்வொரு வருடமும் தொழில் தொடங்கும் காலத்தில் சோனகத் தெருப் பக்கத்து இரும்புக்கடைக்குப் போய்த்தான் நங்கூரமும் சங்கிலியும் வாங்குவாராம். காசு போதாவிட்டால் மீன் வித்துத் தரலாம் என்று கடைக்காரர் கொடுத்தனுப்புவாராம். திரும்பி வரும்போது ஐயா பிள்ளைகளுக்கு மஸ்கட் வாங்கி வருவாராம்.

"பிறகு ஒருக்கா போட்டு வெறுங்கையோட வந்தவர். தெரு முழுக்கப் பூட்டிக் கிடக்கு, ஒருத்தரையும் காணேல்லை எண்டு சொன்னவர். அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை. அந்த முதலாளிக்குக் குடுக்கவேண்டிய காசு இருந்ததெண்டு சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்."

உம்மும்மா கடையின் பெயரைக் கேட்டார். அன்ரிக்கு ஞாபகமில்லை. அப்போது உம்மும்மா தெருவின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கடையாகச் சொல்லத் தொடங்கினார்: தையல் கடை, அதற்கடுத்து இறைச்சிக்கடை, பிறகு லொறி நிற்கும் வளவு, இரும்புக்கடை, அதற்கெதிரே இன்னோர் இரும்புக்கடை. அவற்றில் ஒன்று எங்கள் மூத்தாப்பாவுடையது. எங்களோடு "ஈக்கி" என்று பேசும் உம்மும்மா, அன்றிரவு "இருக்கு" என்றும் "எங்கட" என்றும் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு வயதில் அந்தத் தெருவை விட்டு வந்த மாமா, தூணில் சாய்ந்தபடி, ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூங்கிப்போனபோது இடி கடலுக்கு மேலே போயிருந்தது. அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் வெளியே வந்தால் தண்ணீரைக் காணோம். எங்கள் ஒழுங்கையில் கால்மணி நேரம் மழை பெய்தால் மறுநாள்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் புகையிரத நிலையத்துக்கு நடப்போம். இங்கே அவ்வளவு மழையையும் மணல் குடித்துவிட்டது. மேல் மணல் மட்டும் பொருக்காகி, புள்ளிபுள்ளியாக இருந்தது. குடித்த தண்ணீர் எங்கே போனது என்பதை அன்ரி கிணற்றில் வாளியை விட்டுக் காட்டினார். கூப்பிடு தூரத்தில் கடல், ஆனால் நீரில் உப்பில்லை. மணலுக்குள் இறங்கும் மழைநீர், பாரம் கூடிய உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மணல் மேடு உயரமாக இருக்கும்வரைதான் இந்த நீர். சட்டவிரோதமாக மணல் ஏற்றிப் போகிறார்கள், மேடு போனால் கிணறும் உப்பாகிவிடும் என்று அன்ரி சொன்னார். புத்தகத்தில் படம் வரைந்து குறித்த நன்னீர் வில்லையை நான் ஒரு செம்பில் குடித்தேன்.

உம்மும்மாவும் குடித்தார். "எங்கட கிணத்தைவிட நல்லம். எங்கடது கொஞ்சம் சவர்" என்றார். பிறகு மாமாவிடம் திரும்பி, போகும்போது நகரத்துக்குள்ளால் போகலாமா என்று கேட்டார். மாமா பாதை தெரியாது என்றார். "எனக்குத் தெரியும்" என்றார் உம்மும்மா.

அன்ரியின் இலக்கம் உம்மும்மாவின் தொலைபேசியில் "மணற்காடு" என்ற பெயரில் இருக்கிறது. கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப்போட்டபோது உம்மும்மா அந்த இலக்கத்தை இரண்டு நாள் அழுத்திப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைப்பு அங்கிருந்து வந்தது.

"அக்கா, கொழும்பிலை வெள்ளமாமே, தண்ணி வீட்டுக்க வந்ததோ?"

"இல்ல தங்கச்சி, வாசலோட நிண்டுட்டுது. உங்கட கூரை எப்பிடி?"

கூரை, கிணறு, மகளின் கல்யாணப் பேச்சு, பாரை மீன் விலை என்று அது நீண்டுகொண்டே போய், கடைசியில் அந்தப் பக்கம் காசு முடிந்து லைன் வெட்டுப்பட்டது. உம்மும்மா என்னைக் கூப்பிட்டு, அந்த இலக்கத்துக்கு ரீலோட் போடச் சொன்னார்.