பைபாஸ் ஏறப் பழகுகிறவர்களுக்கு

பீர்க்கன்கரணையில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. தெருவை விட்டு வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலை. தாம்பரம் பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே இரும்புலியூர். புழல் வரைக்கும் 32 கி.மீ. ஓடும் சென்னை பைபாஸ் அங்கேதான் தொடங்குகிறது. எதிர்ப்பக்கம் வண்டலூர் போனால் மீஞ்சூர் வரைக்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை. மற்ற ஊர்க்காரர் லைசென்ஸ் வாங்கிப் பல மாதம் கழித்து ஏறுகிற மாதிரியான சாலையில் நம் ஊர்க்காரர் முதல் வாரமே ஏறியாக வேண்டும். இந்த மூன்று சாலைகளில்தான் என் பிழைப்பு. டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கம், எனக்கென்று தனியாக பிரேக்கும் கிளட்சும் வைத்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்ததை, பழக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு வண்டி பழக்கியவர் நாமக்கல் பக்கத்து லாரிக்காரர். வாத்தியார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஓட்டும்போது பக்கத்தில் தூங்குகிற கிளீனர், லாரி நின்ற பிறகுதான் எழுந்திருப்பார். எங்கே வேகம் குறைந்தது, எங்கே கியர் மாறியது என்று உடம்புக்குத் தெரியாது. அக்சிலரேட்டரில் அவர் கால் அழுத்துவதும் தெரியாது, எடுப்பதும் தெரியாது. நான் சட்டென்று பிரேக் மிதித்தால் திட்ட மாட்டார். "பிரேக்கு போட்டின்னா லேட்டா பாத்தீன்னு அர்த்தம் தம்பி" என்பார், அவ்வளவுதான். முன்னால் போகிற வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது, அதற்கும் முன்னால் போகிற வண்டிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். தூரத்தில் இரண்டு சிவப்பு விளக்கு எரிந்ததுமே அவர் கால் மேலே வந்துவிடும். நாங்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது நெரிசல் கலைந்து வழி திறந்திருக்கும். நெடுஞ்சாலை ஓட்டுவதில் முக்கால்வாசி வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

திண்டிவனம் பக்கமிருந்து ஊருக்குத் திரும்பும்போது நடக்கிற ஒன்றை முதலில் சொல்கிறேன். விழுப்புரம் தாண்டியதிலிருந்து 90, 100 என்று ஓட்டி வந்த கண்ணுக்கு, ஊரப்பாக்கம் வரும்போது 70 என்பது நிற்கிற மாதிரி இருக்கும். "சார், நாப்பதுலதான் போறேன்" என்பார் பழகுகிறவர். மீட்டரைக் காட்டுவேன், முள் 70-ஐத் தாண்டி நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை. வேகத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். அதற்குள் கிளாம்பாக்கம் முனையத்துப் பஸ்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். வண்டலூர் வரும், பிறகு பெருங்களத்தூரில் பையும் குழந்தையுமாக ரோட்டில் இறங்கி நின்று பஸ் பார்க்கிற கூட்டம். நெடுஞ்சாலை எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கோடும் கிடையாது. அதனால் கூடுவாஞ்சேரி வந்ததும் கண்ணை நம்பாமல் மீட்டரைப் பார்த்து வேகத்தை இறக்கு என்று சொல்லித் தருகிறேன். கொஞ்ச நேரம் ஊர்கிற மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டால் கண் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சட்டப்படி எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நடுவில் மீடியன் உள்ள நான்கு வழிச் சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70 என்று அதில் உச்ச வரம்பு வைத்தார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் காவல் எல்லைக்குள் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60, பஸ், லாரிக்கும் டூ வீலருக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30. வழக்கு விவரத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்டீயரிங் பிடிக்கிறவர் பார்க்க வேண்டியது ரோட்டோரத்துச் சிவப்பு வட்டப் பலகையை. அதில் போட்டிருக்கிற எண் அந்த இடத்தில் போகக்கூடிய அதிகபட்சம். மழையோ, இருட்டோ, கூட்டமோ இருந்தால் அதற்குக் கீழே எங்கே நிற்பது என்பது ஓட்டுகிறவர் பொறுப்பு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள்; அதில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் என்று மத்திய அமைச்சகத்தின் கணக்கே சொல்கிறது. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்.

வேகத்தைவிட, வேக வித்தியாசத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சரக்கு லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-இல் பூட்டப்பட்டிருக்கும். டேங்கர், டிப்பர், ஸ்கூல் பஸ் என்றால் 60. பைபாஸின் இடது ஓரத்தில் 40-இல் டூ வீலர் போகும், லோடு ஏற்றிய மூன்று சக்கர வண்டி அதற்கும் கீழே போகும். இப்போது 110-இல் ஒரு கார் வருகிறது, முன்னால் 100 மீட்டரில் 60-இல் ஒரு டேங்கர் என்று வையுங்கள். இடைவெளி முழுவதும் தீர்ந்துபோக ஏழு விநாடி. அந்த ஏழு விநாடிக்குள் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பக்கத்து லேனில் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து விலக வேண்டும். ஏதாவது ஒன்று தட்டினால் மிச்சம் பிரேக் மட்டும்தான். அதே கார் 75-இல் வந்தால் அந்த வேலைக்கு 24 விநாடி கிடைக்கும். ஓரகடம் பக்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னரும் கார் ஏற்றிய டிரெய்லரும் வெளிவட்டச் சாலையில் வரிசையாகப் போகும்போது, நடு லேனில் அவற்றின் வேகத்தை ஒட்டிப் போகிறவர்தான் நல்ல டிரைவர் என்பது என் தீர்ப்பு. வலது லேன் முந்துவதற்கு. முந்தியாயிற்றா, திரும்பி நடு லேனுக்கு வந்துவிட வேண்டும். வலது லேனில் 60-இல் குடியிருக்கிறவர்தான் பின்னால் வருகிறவனை இடது பக்கம் புகுந்து முந்த வைக்கிறார். அந்த இடது பக்கத்தில்தான் டூ வீலர் போகிறது.

இடைவெளிக்கு வாத்தியார் சொன்ன கணக்கையே சொல்லித் தருகிறேன். முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "நூத்தியொண்ணு, நூத்திரெண்டு, நூத்திமூணு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நம் பானட் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறோம் என்று அர்த்தம். மழை என்றால் நூத்தியஞ்சு வரை எண்ண வேண்டும். இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"மாஸ்டர், கேப் விட்டா ஒருத்தன் உள்ள பூந்துடறான். அப்புறம் எப்படி?"

"பூரட்டும்மா. காலை லேசா எடு, மறுபடி எண்ணு."

ஒருவர் உள்ளே வந்தால் நமக்குப் போவது இரண்டு மூன்று விநாடி. போரூர் போவதற்குள் பத்துப் பேர் புகுந்தாலும் அரை நிமிடம்தான். இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு பலர் முகத்தில் இறுக்கம் குறைவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று முன்வண்டியின் பம்பரோடு ஒட்டிக்கொண்டு போகிறவருக்குத் தோள் இரண்டும் காது வரை ஏறியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது முதலில் தெரியும்.

பைபாஸில் ஏறுவதுதான் பழகுகிறவர்களுக்குப் பெரிய கண்டம். ரேம்ப் முடிகிற இடத்தில் பயந்து நிறுத்திவிடுவார்கள். நின்ற வண்டியை முதல் கியரில் கிளப்பி, 80-இல் வருகிற லாரிகளுக்கு நடுவே கொண்டுபோவது ரொம்பக் கஷ்டம். ரேம்ப் எதற்கு இருக்கிறது என்றால் வேகம் எடுத்துக்கொள்ளத்தான். அதில் ஏறும்போதே இண்டிகேட்டர். மூன்றாம் கியரில் 50, 60 வரை இழுக்க வேண்டும். வலது கண்ணாடி ஒரு தடவை, கழுத்தைத் திருப்பி ஒரு தடவை. வருகிற இரண்டு வண்டிகளில் எதன் பின்னால் நுழையப் போகிறோம் என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். முன்னால் நுழையலாமா என்று யோசிக்கிற நேரத்தில் பின்னால் நுழைந்துவிடலாம். அதேபோல இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் விட்டதுதான். மதுரவாயலில் இறங்க வேண்டியவர் வலது லேனிலிருந்து மூக்கை நீட்டிக் குறுக்கே வெட்டுவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அடுத்த இடத்தில் இறங்கித் திரும்பி வந்தால் கொஞ்சம் டீசல் செலவு. அதோடு போகிறது.

இப்போது பிரேக். பழகுகிறவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவசரத்தில் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிறார்கள். தெருவில் 20-இல் பழகியபோது எஞ்சின் ஆஃப் ஆகிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருப்பார்கள். கால் அதையே பிடித்துக்கொள்கிறது. பைபாஸில் அது தப்பு. கிளட்சை மிதித்த உடனே எஞ்சினின் பிடி போய்விடுகிறது, வண்டி இன்னும் வழுக்கி ஓடுகிறது. முதலில் அக்சிலரேட்டரை விடு, எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும், பிறகு பிரேக், வேகம் 25, 30-க்கு வந்த பிறகு கிளட்ச். இந்த வரிசை காலில் ஏற வேண்டும் என்பதற்காக, விடிகாலை ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் 50-இல் போய், இடது காலைத் தரையில் ஊன்றியபடியே வேகம் குறைக்கச் சொல்வேன். வலது காலின் குதிகால் தரையை விட்டு எழாமல், முன்பாதம் மட்டும் அக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குத் திரும்புகிறதா என்று குனிந்து பார்ப்பேன். குதிகால் எழுந்தால் பிரேக் குத்தும், பின்சீட்டு ஆள் முன்னால் வருவார். சிலருக்கு இரண்டு நாளில் வந்துவிடும், சிலருக்கு ஒரு மாதம் ஆகும். வந்த பிறகு மறக்காது.

வாத்தியாரின் ஒரே ஒரு பாடத்தை மட்டும் இன்றைய காருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிரேக்கை விட்டு விட்டு மிதி என்பார். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த விட்டு விட்டுப் பிடிக்கிற வேலையை அதுவே நம் காலைவிட வேகமாகச் செய்கிறது. அவசரத்தில் முழுசாக மிதித்து, மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பெடல் கடகடவென்று காலை உதைக்கும். அது கோளாறு என்று நினைத்துக் காலை எடுத்துவிடாதீர்கள்.

ராத்திரி ஓட்டுவதற்குத் தனிக் கணக்கு. டிம் லைட்டில் நன்றாகத் தெரிவது நாற்பது, ஐம்பது மீட்டர்தான். காய்ந்த ரோட்டில் 80-இல் வருகிற கார், ஆபத்தைப் பார்த்து, பிரேக் மிதித்து நிற்பதற்குள் அறுபது மீட்டர் போய்விடும். 60-இல் வந்தால் நாற்பதுக்குள் நிற்கும். விளக்கில்லாத இடத்தில் பின்விளக்கு எரியாமல் ஓரம் கட்டிய லாரி, கறுப்பு எருமை, மீடியன் இடைவெளியில் குறுக்கே வருகிற ஆள், இவற்றில் எதுவும் நாம் பார்ப்பதற்கு முன்னால் தன்னைக் காட்டாது. எதிரில் ஆள் இல்லாதபோது பிரைட் போடுங்கள். டிம் போட்டால் அந்த வெளிச்சத்துக்குள் நிற்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் தூறல்தான் மோசம். வெயில் காலத்தில் ரோட்டில் சேர்ந்த ஆயில் நீரோடு கலந்து வழுக்கும். பெருமழையில் ஓரம் தேங்கிய தண்ணீர்மேல் வேகமாக ஏறினால் டயர் தரையைத் தொடாமல் மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கும் கூடாது, திருப்பவும் கூடாது. காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்தால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். டயர் பட்டன் 1.6 மி.மீ.-க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். காற்று எவ்வளவு என்று டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

அவசரம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரும்புலியூரிலிருந்து புழல் வரை முழு பைபாஸையும் 80-இல் ஓட்டினால் 24 நிமிடம். 100-இல் ஓட்டினால் 19 நிமிடம். டோல்கேட்டில் ஒரு ஃபாஸ்டேக் ரீட் ஆகாமல் நின்றால் அந்த ஐந்து நிமிடத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

லைசென்ஸ் டெஸ்டில் நீங்கள் மைதானத்தில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்துக் காட்டியிருப்பீர்கள். 40-க்கு மேல் உங்களை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே தனியாகப் பைபாஸ் ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், ஓட்டத் தெரிந்த ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போரூர் வரை 60-இல் போய் 60-இல் திரும்பி வாருங்கள். பிரேக் மிதிக்காமல் எவ்வளவு தூரம் வர முடிகிறது என்று பாருங்கள். அது கை வந்த பிறகு 80-ஐப் பற்றிப் பேசலாம்.