கரையோரம் ஒரு நடை

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் அமைந்துள்ள பாயான் லெப்பாசை, விமான நிலையமும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊராகவே பலரும் அறிவர். விரைவுச்சாலையில் காரில் செல்பவர் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார். அதே கரையோரத்தை நடந்து கடப்பவருக்கோ ஒரு பகல் தேவைப்படும். அந்த ஒரு பகலில் அவர் கண்ணில் படுபவை பல நூற்றாண்டுகளின் சுவடுகள்.

பினாங்குப் பாலத்தின் தீவுப்பக்க முனையிலிருந்து தெற்கே பத்து மாவுங் மீனவர் கிராமம் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரம். மேடுபள்ளம் அதிகம் இல்லாத வழி. மலையேறிப் பழகாதவரும் தொப்பி, தண்ணீர்ப் புட்டி, நல்ல காலணி ஆகியவற்றுடன் விடியற்காலையில் புறப்பட்டால் நிதானமாக நடந்து முடிக்கலாம்.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் 'கனால் டு மிடி' என்றொரு கால்வாய் உண்டு. 1681ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அக்கால்வாய், துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 1996இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அன்று சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகள் நடந்த கரைப்பாதையில், இன்று மனிதர்கள் ஓய்வாக நடக்கிறார்கள். பழைய மதகுகளையும் பாலங்களையும் பார்த்தபடியே அந்நாட்டின் வரலாற்றை அறிந்துகொள்கிறார்கள். பாயான் லெப்பாசில் அத்தகைய கால்வாய் இல்லை. ஆனால், ஆறுகள் உண்டு; தீவுகளுக்கு இடையே ஓடும் கடல்நீர் உண்டு; அவற்றின் கரைகளில் வரலாறும் உண்டு.

முதலில் பெயர்களைக் கவனிக்கலாம். மலாய்மொழியில் 'பாயான்' என்பது ஒருவகைக் கிளி. 'லெப்பாஸ்' என்றால் விடுபட்டது என்று பொருள். சுங்கை ஆரா என்பது அத்தி மரத்தின் பெயரால் அமைந்த ஆறு. சுங்கை குளுவாங் என்பது பழந்தின்னி வௌவாலின் பெயரைத் தாங்கிய ஆறு. சுங்கை தீராம் என்பதில் சிப்பி இருக்கிறது; சுங்கை நிபோங் என்பதில் பனை இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளும் கடைவீதிகளும் எழுந்துவிட்ட இவ்விடங்களில் அந்த மரங்களையும் உயிரினங்களையும் இன்று எளிதில் காண முடியாது. ஊர்ப்பெயர்கள் மட்டும் அவற்றை நினைவில் வைத்திருக்கின்றன.

கடலோரமாக நடக்கும்போது இடப்பக்கத்தில் பச்சைப் போர்வை போர்த்ததுபோல் ஒரு தீவு கூடவே வருகிறது. அதுதான் ஜெரெஜாக் தீவு. பார்வைக்கு அமைதியான அத்தீவு பலருடைய கண்ணீரைக் கண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளிகள் அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டனர். கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளுக்கான நோய்த்தடுப்பு முகாமும் அங்கே அமைந்தது. பின்னர் அது காசநோயாளிகளின் மருத்துவமனையாயிற்று. 1969 முதல் 1993 வரை அங்கே சிறைச்சாலை இயங்கியது.

தமிழ் மாணவர் அத்தீவின் எதிரே சற்று நின்று பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்களில் பலர் பினாங்குத் துறைமுகத்தை அடைந்ததும் நேராகத் தோட்டங்களுக்குச் செல்லவில்லை. பெரியம்மையும் வாந்திபேதியும் பரவிவிடும் என்ற அச்சத்தால் அவர்கள் முதலில் ஜெரெஜாக்கில் தங்கவைக்கப்பட்டனர். எதிரே தெரியும் கரை, நீந்தினால் எட்டிவிடும் தூரம்தான். ஆனால், அக்கரைக்கு வர அனுமதி கிடைக்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். வந்த நாடு எப்படிப்பட்டதென்று அறியாமல், விட்டு வந்த ஊருக்குச் செய்தி அனுப்பவும் வழியறியாமல் அவர்கள் கழித்த நாள்களை எழுதிவைத்தவர் மிகச் சிலரே. இந்நாட்டின் இரப்பர்த் தோட்டங்களையும் இருப்புப்பாதைகளையும் உருவாக்கிய கைகளுள் பல, முதலில் அத்தீவின் மண்ணைத்தான் தொட்டன.

அதே தீவில் இரசிய மாலுமிகளின் கல்லறைகளும் இருக்கின்றன. அதற்குக் காரணமான கப்பலின் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. முதல் உலகப் போரின்போது, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், 'எம்டன்' என்னும் செர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. அடுத்த மாதம் 28ஆம் நாள் விடியற்காலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றுவதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றையும் அது பொருத்திக்கொண்டிருந்தது. அன்று 'செம்சுக்' என்ற இரசியக் கப்பலும் 'முஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. செம்சுக் கப்பலில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் மிக்கவரை 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழில் சொல்லும் வழக்கம் அக்காலத்தில்தான் பிறந்தது. ஒரு பேச்சுவழக்கின் பின்னால் சென்னையும் பினாங்கும் சேர்ந்து நிற்கின்றன.

கரையை விட்டுச் சற்று உள்ளே திரும்பினால் சுங்கை குளுவாங் பகுதியில் பாம்புக் கோயில் வருகிறது. நோயாளிகளைக் குணப்படுத்தியதாகப் போற்றப்படும் சோர் சூ கோங் என்ற சீனத் துறவியின் நினைவாக 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கோயில் அது. இருப்பிடம் தேடி வந்த பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் அளித்தார் என்பது நம்பிக்கை. பச்சை நிற விரியன்கள் மரக்கிளைகளில் சுருண்டு கிடக்கும். சுற்றிலும் காடு இருந்த காலத்தில் அவை தாமாகவே வந்தன. காடு குறையக் குறைய அவையும் குறைந்தன.

அக்காடும் வயலும் இருந்த இடத்தில்தான் 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை தோன்றியது. அமெரிக்காவின் இண்டெல் நிறுவனம் தன் நாட்டுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை, நெல் விளைந்த நிலத்தில் எழுந்தது. நாற்று நட்ட நிலத்தில் கணினிக்கான சில்லுகள் உருவாயின. தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் வளர்ந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்றனர். அவர்களுள் தமிழ்ப்பெண்களும் இருந்தனர். ஒரு நிலம் மாறும்போது அதில் வாழும் மனிதரின் வாழ்க்கையும் மாறுகிறது. இழப்பும் பேறும் அம்மாற்றத்தில் கலந்தே வருகின்றன.

மேலும் தெற்கே நடந்தால் பத்து மாவுங். இங்குள்ள சிறு கோயில் ஒன்றில், பாறையில் பதிந்த காலடிபோன்ற ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சீனர் அதனைக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் காலடி என்கின்றனர். மலாய்க்காரரின் கதைகளில் அது கெடெம்பாய் என்னும் பூதத்தின் காலடி. அனுமனின் காலடி என்று சொல்லும் இந்தியரும் உண்டு. செங் ஹோ 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கடல் பயணம் மேற்கொண்டவர். அவர் இலங்கையில் வைக்கச் செய்த கல்வெட்டு ஒன்று சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்துள்ளது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அது, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கே ஒரு கல்லில் மூன்று மொழிகள். இங்கே ஒரு பாறையில் மூன்று கதைகள். ஒருவர் கதையை மற்றவர் மறுத்துச் சண்டையிடவில்லை என்பதே இப்பாறையின் சிறப்பு.

அருகிலுள்ள குன்றின்மேல் பிரிட்டிஷார் 1930ஆம் ஆண்டுகளில் கட்டிய கோட்டை இருக்கிறது. கடல்வழியாக வரும் பகைவரை எதிர்பார்த்துப் பீரங்கிகளை நிறுவினர். 1941 டிசம்பரில் சப்பானியர் விமானங்களில் வந்து குண்டு வீசினர்; தரைவழியாகவும் முன்னேறினர். பீரங்கிகள் பயன்படாமலே போயின. அதே கோட்டை பின்னர்ச் சப்பானியரின் கைக்குச் சென்றது. இப்போது அது போர் அருங்காட்சியகம். சுரங்கப் பாதைகளில் குனிந்து செல்பவருக்குப் போரின் கொடுமை சொல்லாமலே விளங்கும்.

குன்றின் கீழே, 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் கடலுக்குள் நீண்டு செல்கிறது. அதனடியில் சம்பான்கள் மிதக்கின்றன. தென்கரையில், பெர்மாத்தாங் டாமார் லாவுட் பகுதிக்கு எதிரே, கடலை நிரப்பிச் செயற்கைத் தீவு அமைக்கும் பணி 2023இல் தொடங்கியது. அதனால் வேலைவாய்ப்பு பெருகும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. மீன்வளம் குன்றுமோ என்பது மீனவரின் கவலை. முன்பு வயலுக்கு நேர்ந்தது இப்போது கடலுக்கு நேர்கிறது. இதைச் செய்தித்தாளில் படிப்பது ஒன்று. வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பவரின் அருகே நின்று அதே கடலைப் பார்ப்பது வேறு.

நடைக்கு அந்த ஆற்றல் உண்டு. வேகம் குறைந்தால் கண் திறக்கிறது. கண் திறந்தால் கேள்வி பிறக்கிறது. ஜெரெஜாக்கில் காத்திருந்தவர்களின் கதையை அறிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். நம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள், எத்துறையில் இறங்கினார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதிவைக்கலாம். அவர்கள் சொல்லாமல் விட்டதை எந்தப் பாறையும் சொல்லப்போவதில்லை.