உடையாமல் இறங்கிய கூரை

ஈப்போவின் புந்தோங்கில் காலையிலேயே கச்சான் பூத்தே கடலை வறுக்கும் வாசம் தெருவை நிறைத்துவிடுகிறது. அந்தத் தெருவொன்றில், பழைய பலகை வீட்டின் அஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். பாசி பிடித்துக் கறுத்துப்போன நெளி ஷீட்டுகள். வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஏணியைச் சாத்துவதற்கு முன் அவர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். "அம்மா, காயவச்ச கடலையெல்லாம் உள்ள எடுத்துருங்க, சன்னலயும் சாத்திருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்தத் தொழிலை அவர் எப்படிச் செய்கிறார் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் முதுகுப் பம்பு போலவே ஒன்று, மருந்தே படாத புதுசு, மூத்தவர் கையில் இருந்தது. அதில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். வெறும் தண்ணீர் பாசியின் மேல் ஓடிவிடும், சோப்புத் தண்ணீர்தான் ஊறும் என்றார். மெல்லிய தூறலாகத்தான் அடித்தார்கள். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவினால் ஷீட்டின் மேற்பரப்பே பெயர்ந்துகொண்டு வரும், அஸ்பெஸ்டாஸ் நாரும் அதோடு கிளம்பும்.

நனைந்த கூரையின் மேல் யாரும் கால் வைக்கவில்லை. பழைய ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது. நாரால் வரும் நோய்க்குப் பல வருஷம் ஆகும், கூரை பொத்துக்கொண்டு விழுந்தால் சாவு அன்றைக்கே. அதனால் வீட்டுக்குள் சாரம் கட்டி, கீழிருந்தே வேலை செய்தார்கள். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருந்த கொக்கி போல்ட்டுகளின் மரை துருவேறி இறுகியிருந்தது. கடப்பாரையால் நெம்பினால் நொடியில் வந்துவிடும், ஆனால் துளையைச் சுற்றி நொறுங்கும். ஆகவே ஒவ்வொரு கொக்கியையும் உள்பக்கத்திலிருந்து வெட்டுக்கத்திரியால் துண்டித்தார்கள். முழு ஷீட்டையும் இரண்டு பேர் தாங்கி இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டினார்கள். ஓரத்தில் சில்லு ஒன்று பெயர்ந்து விழுந்தபோது இளையவன் துடைப்பத்தை எடுத்தான். "தொடப்பத்தக் கீழ போடு தம்பி!" என்று அதட்டினார் மூத்தவர். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் சேர்த்தே கட்டிவைத்தார்கள். மூவரும் போட்டிருந்தது முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி. துணி முகமூடி இந்த நாரைத் தடுக்காது.

அஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரின் இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் உடல் அதைக் கரைத்து வெளியேற்றுவதில்லை. நுரையீரல் தழும்பேறுவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா எல்லாம் பெரும்பாலும் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்தே தலைகாட்டும். கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆனாலும், சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும் நல்ல ஷீட்டைத் தொடாமல் விட்டால் ஆபத்து குறைவு. அறுப்பது, துளைப்பது, தேய்ப்பது, உடைப்பது, இவைதாம் நாரை அவிழ்த்துவிடுகின்றன.

ஈப்போவுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. யுனைடெட் அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கே தாசெக்கில்தான் இருந்தது. அட்டாப்பு ஓலைக் கூரை போய் அஸ்பெஸ்டாஸ் கூரை வந்தபோது தோட்டத்து மக்கள் அதை வசதியாகவே பார்த்தார்கள், ஒழுகாது, தீப்பிடிக்காது. உடைந்த துண்டுகளால் கோழிக்கூடு வேய்ந்தோம், கால்வாயை மூடினோம் என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். யாரும் அவர்களுக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் கல்நார் வேலைக்கான விதிமுறை 1986-லேயே வந்தது. நீலக் கல்நார் 1999-இல் தடைசெய்யப்பட்டது. தூளாகவும் இழையாகவும் இருக்கும் கல்நார்க் கழிவை 2005-ஆம் ஆண்டு விதிமுறை அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கிறது. வெள்ளைக் கல்நாருக்கு இன்னும் முழுத் தடை இல்லை. ஆஸ்திரேலியா 2003 முடிவோடு எல்லா வகையையும் நிறுத்திவிட்டது. நாமும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

அதைவிட என்னை வருத்துவது கூலிக் கணக்கு. இவர்கள் செய்த விதத்தில் வேலை நாள் கூடுகிறது, கூலியும் கூடுகிறது. வீட்டுக்காரர் கேட்பதோ குறைந்த விலை. குறைந்த விலைக்கு வருபவர் சுத்தியலோடு வருவார், ஷீட்டுகளை மேலிருந்தே தரையில் போட்டு உடைப்பார், மாலையில் தூசி படிந்த சட்டையோடு பிள்ளையைத் தூக்குவார்.

உங்கள் வீடு பழையதென்றால், கூரையோ சீலிங்கோ கல்நாரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். தெரியாதவரை கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் தொடாதீர்கள். பிரித்தே ஆகவேண்டுமென்றால், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் முதலில் விசாரியுங்கள், கட்டிவைத்த ஷீட் எங்கே போகும் என்பதையும் கேட்டு வையுங்கள். நனைத்து, உடைக்காமல் இறக்கித் தருகிற ஆளைப் பிடியுங்கள். அவர் கேட்கிற கூடுதல் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.