சிக்னல் விழாத ஸ்டேஷன்

2006-ல் வந்த 'ஓட்டோஷிமோனோ'ங்கிற ஜப்பான் பேய்ப் படம் பார்த்திருக்கீங்களா? ஸ்டேஷன்ல யாரோ தவறவிட்ட சீசன் டிக்கெட்டை எடுத்தவங்க காணாமப் போவாங்க. அதே த்ரில்லைத் தேடித்தான் எங்க இன்ஜினீயரிங் கேங் தனுஷ்கோடிக்குக் கிளம்புச்சு.

ராமேஸ்வரத்துல பஸ் ஏறுங்க. 2017-ல அரிச்சல்முனை வரை ரோடு வந்தாச்சு. வழியில, மணலுக்கு நடுவே இடிஞ்சு நிக்குது பழைய ஸ்டேஷன். ஒரு காலத்துல சென்னையிலேர்ந்து போட் மெயில்ல வந்தவங்க, இங்கேதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினாங்க.

1964, டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பன்லேர்ந்து வந்த 653-ம் நம்பர் பாசஞ்சர் ஸ்டேஷனை நெருங்குது. புயல்ல சிக்னல் அவுட். காத்திருந்து பார்த்த டிரைவர், விசில் கொடுத்து வண்டியை எடுத்தார். கடல் எழும்பி வந்துச்சு. நூற்றுக்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தர்கூடப் பிழைக்கலை. பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரிபண்ணாங்க. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

இடிபாட்டுப் பக்கம் சங்கு விற்ற பாட்டிகிட்ட, "இங்கே பேய் இருக்கா பாட்டி?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன்.

"பேயா? அன்னைக்குப் போனதெல்லாம் எங்க சனம்யா!"

கேமராவைப் பைக்குள்ள வெச்சுட்டேன். நீங்களும் போய்ப் பாருங்க. பேயை மட்டும் தேடாதீங்க, ப்ளீஸ்!